மூன்று ஃபிளாட், நான்கு பங்கு: நங்கநல்லூர் வீடு ஒன்றின் விற்பனை

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குச் சென்னை நங்கநல்லூரில் ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி. அப்பா 1974-இல் மனையை வாங்கினார். 1981-இல் கீழ்த்தளமும் 1996-இல் மாடியும் கட்டினார். 2016-இல் உயில் எழுதாமலேயே காலமானார். இப்போது உரிமை நான்கு பேருக்கு: 78 வயது அம்மா, பல்லாவரத்தில் இருக்கும் அக்கா, டல்லாஸில் வேலை பார்க்கும் தம்பி, கோயம்புத்தூரில் வாழும் தங்கை. அம்மா சில வருடங்களாக அக்கா வீட்டில்தான் இருக்கிறார்.

கீழ்த்தளத்தில் 2011 முதல் ஒரு குடும்பம் மாதம் 18,000 ரூபாய் வாடகையில் இருக்கிறது. மாடியை 2021-இல் 10 லட்சத்துக்குப் போக்கியத்துக்கு விட்டார்கள். கொரோனா நேரம், அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உடனே பணம் தேவைப்பட்டது. அந்தப் பத்து லட்சம் அங்கேயே கரைந்துவிட்டது.

இந்தக் குடும்பத்துக்கு வேண்டியவன் என்ற முறையில் காகிதங்களைப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டேன், தொகைகளைக் கணக்குக்கு வசதியாக முழுமையாக்கியிருக்கிறேன். வரி விகிதங்கள் 2025-26 நிதியாண்டில் இருந்தவை.

அவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "வித்துடலாமா, வாடகைக்கே விட்டு வச்சுக்கலாமா?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் அன்றைய நிலையில் அந்த வீட்டை ஒழுங்காக விற்கவும் முடியாது, ஒழுங்காக வாடகைக்கு விடவும் முடியாது. பட்டா அப்பா பெயரிலேயே இருந்தது. கீழே இருப்பவரிடம் எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. மாடியில் இருப்பவரிடம் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய போக்கியச் சீட்டு ஒன்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர் அம்மா மட்டும். கால்பங்குக்காரர் முழு மாடியையும் போக்கியத்துக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார், அதுவும் பதிவு செய்யாமல். வில்லங்கச் சான்று போட்டால் சுத்தமாக வரும், ஆனால் வாங்க வருகிறவர் மாடிப்படி ஏறினால் அங்கே ஒரு குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கும்.

பங்குகள்

அப்பா தானே சம்பாதித்து வாங்கிய சொத்து. உயில் இல்லாததால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு, ஆளுக்குக் கால். மகளுக்குப் பங்கு உண்டா என்று தம்பியின் மாமனார் வீட்டில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-இல் திருத்தம் கொண்டுவந்ததும், 2005-இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டதும் வேறு விஷயம். அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு 1956-இலிருந்தே மகனுக்குச் சமமான உரிமை உண்டு. இதைச் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது.

நிற்காதது அக்காவின் மனக்குறை. அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவர், பங்கு மட்டும் எல்லோருக்கும் ஒன்று. சட்டத்தில் இதற்குப் பதில் கிடையாது. குடும்பம் விரும்பினால் வழி உண்டு: தம்பியோ தங்கையோ தன் பங்கில் ஒரு பகுதியை விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். குடும்பத்துக்குள் என்பதால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதுவும் ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கும் 10,000 ரூபாய் உச்சவரம்பு. வெளியாளுக்கு விற்றால் 7 சதவீதத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம். வித்தியாசம் பெரியது. ஆனாலும் யாரும் எழுதித் தர முன்வரவில்லை, அக்காவும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

தங்கைக்கு விற்பதிலேயே விருப்பமில்லை. "அப்பா கட்டின வீடு. அம்மா இருக்கிற வரைக்குமாவது இருக்கட்டுமே." கால்பங்குக்காரர் மறுத்தால் மற்ற மூவரும் என்ன செய்ய முடியும்? தங்கள் பிரிபடாத பங்கை மட்டும் விற்கலாம், ஆனால் குடும்பச் சண்டையை விலைகொடுத்து வாங்க நல்ல ஆள் யாரும் வரமாட்டார். பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். 2,400 சதுர அடியை, மேலே ஒரு வீடும் கீழே ஒரு வீடுமாக, நாலாகப் பிரிக்க முடியாது. கடைசியில் நீதிமன்றமே விற்கச் சொல்லும், அதற்குள் எத்தனை வருடமாகும் என்று யாருக்கும் தெரியாது. ஆக, காகிதத்தில் கால்பங்கு, நடைமுறையில் முழுத் தடுப்பு அதிகாரம்.

தங்கையின் மனதை மாற்றியது யாருடைய பேச்சும் அல்ல, ஒரு எஸ்டிமேட். மொட்டைமாடி ஒழுகுகிறது, கீழ்த்தளக் கூரையில் கம்பி துருப்பிடித்து சிமெண்ட் பெயர்ந்து விழுகிறது, மின்வயர்கள் 1981-ஆம் வருடத்தவை. நல்ல வாடகை வரவேண்டுமானால் ஒன்பது லட்சம் செலவு என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் போக்கியப் பணம் பத்து லட்சத்தைத் திருப்பித் தரவேண்டும். மொத்தம் 19 லட்சம், ஆளுக்கு நாலே முக்கால் லட்சம். வீட்டை வைத்துக்கொள்வது இலவசம் என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தத் தாளை வாட்ஸப்பில் அனுப்பிய பிறகு தங்கை ஒரு வாரம் பேசவில்லை, அப்புறம் கணக்கு கேட்டார்.

வாடகைக் கணக்கு

செலவெல்லாம் செய்தபின் கீழ்த்தளம் 24,000, மாடி 18,000 என்று வைத்தால் வருடத்துக்கு 5.04 லட்சம். வீட்டின் சந்தை மதிப்பு இரண்டரைக் கோடி. அதாவது சொத்து வரியும் ரிப்பேரும் போகாமலே இரண்டு சதவீத வரும்படி. சென்னையில் தனி வீடுகளுக்கு இது விசித்திரமில்லை. விலையில் பெரும்பகுதி மனைக்கானது, வாடகைக்காரர் மனைக்கு வாடகை தருவதில்லை.

அம்மாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவு. அதுவரை வாடகை 18,000-ம் அம்மா கையில்தான் வந்தது. (வருமான வரிப்படி அதில் கால்பங்குதான் அவருடைய வருமானம், மீதி பிள்ளைகளுடையது. எந்தக் குடும்பத்திலும் யாரும் அப்படிக் கணக்குக் காட்டிப் பார்த்ததில்லை.) விற்றால் அம்மாவுக்கு வரும் பணத்தில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். அதுதான் உச்சவரம்பு. வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். மாதக் கணக்கில் 20,500. ஒழுகும் கூரையோ வாடகை பாக்கியோ இல்லாமல், அதுவரை கைக்கு வந்த 18,000-ஐவிட அதிகம். வாடகை வருடா வருடம் ஏறும், வட்டி ஏறாது என்று தம்பி சொன்னது சரியான ஆட்சேபம். ஆனால் அந்த வாடகை பல வருடங்களாக ஏறவே இல்லை என்பதும் உண்மை.

பில்டர் வந்தார்

பழைய தனி வீடு என்றால் ஜாயிண்ட் வென்ச்சர் பேச ஒரு பில்டர் வராமல் இருக்கமாட்டார். ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று மாடி, 4,800 சதுர அடி கட்டடம், 800 சதுர அடியில் ஆறு ஃபிளாட். பாதிக்குப் பாதி. அக்காவுக்கு இது மிகவும் பிடித்திருந்தது: இடமும் போகாது, புது வீடும் கிடைக்கும்.

மூன்று ஃபிளாட், நான்கு பங்குதாரர். எண்ணிப் பார்த்தவுடன் எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் சண்டை வந்தது. முதல் மாடி யாருக்கு, மூன்றாம் மாடி யாருக்கு, ஃபிளாட் கிடைக்காதவருக்கு மற்ற மூவரும் பணம் தருவதா, என்ன விலைக்கு? சதுர அடி 10,000 என்று போட்டாலும் மூன்று ஃபிளாட்டும் சேர்ந்து 2.40 கோடி. அப்படியே விற்றால் வரும் தொகையைவிடக் குறைவு, இரண்டு வருடம் தாமதம் வேறு.

எனக்கு உறுத்தியது வேறொன்று. மனை 500 சதுர மீட்டருக்குள்ளும் வீடுகள் எட்டுக்குள்ளும் இருந்தால், பில்டர்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின்படி பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். நங்கநல்லூர், மடிப்பாக்கம், ஆதம்பாக்கம் பக்கம் தெருவுக்கு இரண்டாக எழும் இந்தச் சின்ன அடுக்குமாடிகள் பெரும்பாலும் ரெராவின் கண்ணில் படுவதே இல்லை. வேலை பாதியில் நின்றால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். அதற்குள் பில்டர் தன் பங்கு ஃபிளாட்களை முன்பணம் வாங்கி விற்றிருப்பார். நில உரிமையாளர்கள் கொடுத்த பவர் பத்திரத்தின் பேரில்தான் அந்த விற்பனையும் நடந்திருக்கும். நல்ல பில்டர்கள் இல்லாமலில்லை. ஆனால் 78 வயதுக்காரர் ஒருவர் பங்குதாரராக இருக்கும் சொத்தில் இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சொன்னேன். அக்காவுக்கு என்மேல் கொஞ்ச நாள் வருத்தம்.

கீழ்வீடும் மாடியும்

மாடிக்காரர் பிரச்சினையே இல்லை. போக்கியக் கெடு 2024-இலேயே முடிந்துவிட்டது. பணத்தைத் தந்தால் அடுத்த மாதமே காலி செய்கிறேன் என்றார். தருவதற்குத்தான் பணமில்லை.

கீழ்வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்றவர். மனைவிக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. காலி செய்யவேண்டும் என்று சொன்னபோது அவர் அம்மாவிடம் சொன்னது: "பதினாலு வருஷத்துல ஒரு மாசம்கூட வாடகை தவறலையேம்மா." உண்மைதான், தவறவில்லை. டல்லாஸிலிருந்து தம்பி போனில், "பேசிக்கிட்டே இருந்தா ஆகாது, தண்ணி மோட்டாரை நிறுத்துங்க, தானா போவார்" என்றார். அது சட்டவிரோதமான யோசனை. வாடகைக்காரர் இருக்கும் வீட்டில் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. அவர் புகார் கொடுத்தால் நம் பக்கம்தான் கைகட்டி நிற்கவேண்டும்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி எல்லா வாடகையும் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும். பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை இங்கே செல்லாது. அட்வான்ஸும், வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைதான். பத்து மாத அட்வான்ஸ் கேட்ட தலைமுறைக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை.

இந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே காலி செய்யச் சொல்வதற்கான ஒரு காரணம். எனவே வழக்கறிஞர் உடனே வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்றார். நான் வேறு வழி சொன்னேன்: அவருடனேயே புதிதாக ஆறு மாத ஒப்பந்தம் ஒன்று எழுதிப் பதிவு செய்யுங்கள். குடும்பத்தில் எல்லோரும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். வெளியே அனுப்ப நினைக்கிற ஆளுக்கு எதற்குப் புது ஒப்பந்தம், அது அவருக்குக் கூடுதல் உரிமையல்லவா? நடப்பது அதற்கு நேர்மாறு. காகிதமே இல்லாதவரிடம், நீங்கள் எந்தத் தேதியில் போகவேண்டும் என்று காட்ட எதுவும் இல்லை. பதிந்த ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி இருக்கும். அதைத் தாண்டி இருந்தால் மாத வாடகையைப்போல் இரு மடங்கு இழப்பீடு கேட்கலாம்.

ஒப்பந்தம் பேச உட்கார்ந்தபோதுதான் அவருடைய உண்மையான சிக்கல் தெரிந்தது. பழவந்தாங்கலில் தரைத்தள வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார், அதற்கு அட்வான்ஸ் இரண்டு லட்சம். இவர்களிடம் அவர் 2011-இல் கொடுத்திருந்தது 50,000. கடைசி இரண்டு மாத வாடகை வேண்டாம், பழைய அட்வான்ஸுடன் ஒன்றரை லட்சம் சேர்த்துத் தருகிறோம் என்று முடிந்தது. "நம்ம வீட்டைக் காலி பண்ண நாமே காசு கொடுக்கறதா" என்று தம்பி கொதித்தார். ஆளுக்கு 37,500 ரூபாய். வழக்கறிஞரின் முதல் கட்டணமே அதற்குக் குறையாது.

விலை

இரண்டு பேர் கடைசிவரை வந்தார்கள். ஒருவர் 2.65 கோடி தருவதாகச் சொன்னார், ஆனால் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை ஒட்டி 1.65 கோடிதான், மீதி ஒரு கோடி ரொக்கம். மற்றவர் 2.50 கோடி, முழுவதும் வங்கி வழியாக.

பதினைந்து லட்சம் வித்தியாசம் சும்மா விடக்கூடியதில்லை. ஆனால் முதல் ஆளுக்கு அந்த ஒரு கோடியில் தீர்வையும் கட்டணமுமாக ஒன்பது லட்சம் மிச்சம், அதனால்தான் அவர் தாராளமாகப் பேசினார். விற்கிறவர்களுக்கோ, சொத்து விற்பனையில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். தம்பியால் ரொக்கத்தை அமெரிக்காவுக்கு அனுப்ப முடியாது. அக்கா தன் பங்கில் ஃபிளாட் வாங்கி வரிவிலக்குப் பெற நினைத்தார், அவராலும் அதைக் காட்ட முடியாது. முதல் ஆளை விட்டுவிட்டோம்.

வரி பற்றி நிறையப் பயமுறுத்தியிருந்தார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் பணவீக்கச் சரிக்கட்டலை (விலைவாசிக்கு ஏற்ப அடக்கவிலையை உயர்த்திக் காட்டுவதை) எடுத்துவிட்டார்கள், பழைய வீடு விற்பவர்கள் போச்சு என்று. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த வீட்டுக்கு அது நேர்மாறு. அடக்கவிலையாக எடுத்துக்கொள்ள 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பு, அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், 20 லட்சம் என்று மதிப்பீட்டாளர் கொடுத்தார். சரிக்கட்டலோடு 20 சதவீதம் கட்டுவதென்றால், குறியீடு 100-இலிருந்து 376 ஆனதால் அடக்கவிலை 75.2 லட்சம், ஆளுக்கு வரி 8.74 லட்சம். சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம் என்றால் ஆளுக்கு 7.19 லட்சம். விலை 2001 மதிப்பைப்போல் ஏறத்தாழ 8.4 மடங்கைத் தாண்டினால் புதிய முறைதான் லாபம், இங்கே பன்னிரண்டரை மடங்கு. ஒவ்வொருவர் லாபமும் 50 லட்சத்தைத் தாண்டுவதால் பத்து சதவீத சர்சார்ஜும், அப்புறம் செஸ்ஸும் சேர்ந்து 8.22 லட்சம் ஆகிறது. அக்காவுக்கு வீடு வாங்கும் அளவுக்கு அது குறையும்.

அம்மாவுக்கு 50 லட்சத்தை ஆறு மாதத்துக்குள் 54 இ.சி. எனப்படும் வரிச்சலுகைக் கடன்பத்திரங்களில் போட்டு வரியில் பெரும்பகுதியை மிச்சம் பிடிக்கலாம் என்று ஆடிட்டர் சொன்னார். ஐந்து வருடம் எடுக்க முடியாது, வட்டியும் குறைவு. மிச்சமாகும் வரியையும் வட்டியையும் கூட்டினால் மூத்த குடிமக்கள் திட்டத்துக்குக் கிட்டத்தட்ட சமமாகத்தான் வருகிறது. இந்த வயதில் அவசரத்துக்கு எடுக்க முடியாத பணம் வேண்டாம் என்று அம்மா வரியைக் கட்டிவிடச் சொன்னார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

தம்பியின் நிலைமை தனி. வெளிநாட்டில் வசிப்பவர் விற்கும்போது, மற்றவர்களுக்குப்போல வாங்குகிறவர் விலையில் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்தால் போதாது. வாங்குகிறவர் டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) எடுத்து, மூலதன ஆதாய வரி விகிதத்திலேயே பிடிக்கவேண்டியிருந்தது, நடைமுறையில் முழுத் தொகைக்கும். 62.5 லட்சத்துக்கு 14.3 சதவீதம், அதாவது 8.94 லட்சம். பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாங்கினவர் தலையில் விழும். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் என்றதும் சிலர் பின்வாங்குவது இதனால்தான். தம்பி 50 லட்சத்தை 54 இ.சி. கடன்பத்திரத்தில் போட முடிவு செய்ததால் அவருடைய உண்மையான வரி ஒரு லட்சத்துக்கும் கீழே. வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்காவிட்டால் மீதி எட்டு லட்சம் ரீஃபண்டில் மாட்டிக்கொள்ளும். இங்கே மிச்சம் பிடித்த வரியை அமெரிக்காவில் கட்டவேண்டி வருமோ என்றும் பார்த்தோம். அங்கே வாரிசுச் சொத்துக்கு அடக்கவிலை அப்பா இறந்த நாளின் மதிப்பு, அதுவும் டாலரில். 2016-க்குப் பின் ரூபாய் விழுந்ததால் அந்தக் கணக்கில் லாபமே சொற்பம்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொண்டார்கள், தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம். முன்பணம் 20 லட்சத்தில் பத்து லட்சம் நேரே மாடிக்காரருக்குப் போனது. போக்கியச் சீட்டின் பின்புறம் பைசல் எழுதி வாங்கிக்கொண்டோம். தம்பியின் பவர் பத்திரம் ஹூஸ்டன் துணைத் தூதரகத்தில் சான்று பெற்று வந்தது, மூன்று மாதத்துக்குள் இங்கே மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டியாயிற்று. பவர் அக்கா பெயருக்கு, கையெழுத்திட மட்டும். பணம் நேராகத் தம்பியின் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவருக்கான இங்குள்ள வங்கிக் கணக்கு) போகும் என்று அதிலேயே எழுதச் சொன்னவர் தங்கை.

கீழ்வீட்டுக்காரர் ஒப்பந்தத் தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்பே போய்விட்டார். பதிவு தாமதமானது தம்பியின் சான்றிதழுக்காகத்தான். அது வந்த வாரமே பத்திரம் முடிந்தது. அம்மாவின் பணம் அவர் பெயரிலேயே, அக்காவோடு கூட்டுக் கணக்கில் இருக்கிறது. அம்மாவை இப்போதாவது ஒரு உயில் எழுதச் சொல்லி நானும் ஆடிட்டரும் சொன்னோம். "மூணு பேருக்கும் சமம்னு எழுதினா பெரியவளுக்கு வருத்தம், இல்லைன்னு எழுதினா மத்த ரெண்டு பேருக்கு வருத்தம்" என்று சொல்லி இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார்.